பட்டம் எதுவானாலும் பாட வரிசை முக்கியம்

பிளஸ் டூ முடித்ததும் மருத்துவக் கல்லூரி என்ற நம் ஊர்க் கணக்கு அமெரிக்காவில் பொதுவாகச் செல்லாது. அங்கே நான்காண்டுப் பட்டப்படிப்பு முடித்தபிறகுதான் எம்.டி. படிப்பு. அதனால் பிள்ளை உயிரியல் எடுப்பதா, வேறு எதையாவது எடுப்பதா என்று வீட்டில் விவாதம் நடக்கிறது. கவலைப்பட வேண்டியது பட்டத்தைப் பற்றி அல்ல, மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களின் வரிசையைப் பற்றி. பொது வேதியியல் முடிக்காமல் பெரும்பாலும் கரிம வேதியியலில் உட்கார முடியாது. அது தெரியாமல் உயிர்வேதியியல் புரியாது. 2015இல் மாற்றியமைக்கப்பட்ட எம்கேட் நுழைவுத் தேர்வில் உயிர்வேதியியலுக்கு முக்கிய இடம் உண்டு. பட்டம் முடித்ததும் இடைவெளி இல்லாமல் எம்.டி.யில் சேர விரும்புபவர் மூன்றாம் ஆண்டு முடியும் கோடையிலேயே விண்ணப்பிக்க வேண்டும். எம்கேட் அதற்கு முன்பே எழுதியாக வேண்டும். பின்னோக்கிக் கணக்குப் போட்டால், வேதியியல் முதல் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்று தெரியும்.

அப்படியானால் எல்லா அறிவியலையும் முதல் ஆண்டிலேயே அடுக்கிவிடலாமே என்று தோன்றும். அது ஆபத்து. வேதியியல், உயிரியல் இரண்டுக்கும் ஆய்வகம் உண்டு. வாரத்தில் இரண்டு பிற்பகல்கள் அதிலேயே போய்விடும். கூடவே கால்குலஸும் சேர்ந்தால், பள்ளியில் முதல் மாணவராக இருந்தவரும் தடுமாறுவார். எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணித மதிப்பெண்களுக்குத் தனிச் சராசரி உண்டு. வேதியியலில் வாங்கிய ‘சி’, அதே பாடத்தை மறுபடி படித்து ‘ஏ’ வாங்கினாலும் மறையாது. இரண்டும் சேர்ந்தே கணக்கில் வரும். முதல் பருவத்தில் இரண்டு அறிவியல் பாடங்களே போதும் என்பேன்.

உயிரியல் பட்டம்தான் பாதுகாப்பு என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு: தேவையான பாடங்கள் பல அதற்குள்ளேயே வந்துவிடும். ஆனால் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல்களில், கலைப்புலத் துறைகளிலிருந்து விண்ணப்பிப்போருக்கு இடம் கிடைக்கும் விகிதம் உயிரியல் மாணவர்களுக்குக் குறைந்ததாக இல்லை. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987 முதல் இலக்கியம், வரலாறு படித்தவர்களைக் வழக்கமான கரிம வேதியியலும் எம்கேட்டும் இல்லாமலே சேர்த்துப் பார்த்தது. 2010இல் வெளியான ஆய்வின்படி, மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் அவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள். மற்றபடி சக மாணவர்களுக்கு இணையாகவே படித்தார்கள். ஆகவே வரலாறு பிடித்தவர் வரலாறே படிக்கட்டும், வேதியியல் வரிசையை மட்டும் தள்ளிப்போடாமல். மூன்று ஆண்டுக்குள் அந்த வரிசை அடங்கவில்லை என்றால், ஓராண்டு கழித்து விண்ணப்பிப்பது அங்கே வழக்கமான ஒன்றுதான்.