வெள்ளியாய் மின்னும் கவர்கள்: வாங்குமுன் அறிய வேண்டியவை

நமது கடைகளில் அடுக்கியுள்ள சிப்ஸ், காப்பித்தூள், மசாலா பாக்கெட்டுகளில் பல வெள்ளிபோல் மின்னுகின்றன. மினுமினுப்பு ஒன்றுபோல் தோன்றினாலும் சரக்கைக் காக்கும் திறன் ஒன்றல்ல. சொந்தமாகப் பாக்கெட் போட்டு விற்கும் வணிகர்கள் இதை அறிந்து கவர் வாங்குவது நலம்.

மினுமினுப்பு மூன்று வகையில் வருகிறது.

முதலாவது, அலுமினிய ஃபாயில். பெரும்பாலும் 6 முதல் 9 மைக்ரான் கனத்தில் உருட்டிய அலுமினியத்தைப் பிளாஸ்டிக் பிலிம்களுடன் ஒட்டுகிறார்கள். விலை கூடுதல், பாதுகாப்பும் கூடுதல்.

இரண்டாவது, மெட்டலைஸ்டு பிலிம். காற்று நீக்கிய அறையில் அலுமினியக் கம்பியை 1,400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க, அது ஆவியாகிறது. குளிர்ந்த உருளைமீது ஓடும் பாலியஸ்டர் அல்லது பி.ஓ.பி.பி. பிலிமில் அந்த ஆவி படிகிறது. படிவின் கனம் ஒரு மைக்ரானில் நூறில் சில பங்குதான். ஆயினும் ஈரம், காற்று, வெளிச்சம் மூன்றையும் நன்கு குறைக்கிறது.

மூன்றாவது, வெள்ளி மை. அலுமினியத்தின் நுண்ணிய செதில்களை மையில் கலந்து அச்சிடுகிறார்கள். இது பெரும்பாலும் அழகுக்கு மட்டுமே. ஈரத்தையும் காற்றையும் தடுப்பது அடியிலுள்ள பிளாஸ்டிக்தான்.

தங்க நிறக் கவரிலும் பெரும்பாலும் தங்கமில்லை. அலுமினியத்தின்மேல் மஞ்சள் நிறப் பூச்சே.

கடையிலேயே கண்டறியலாம். கவரைக் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே நின்றால் ஃபாயில். விரிந்து எழுந்தால் மற்ற இரண்டில் ஒன்று. அதில் அச்சில்லாத பகுதி கண்ணாடிபோல் முகம் காட்டினால் மெட்டலைஸ்டு. மங்கிய சாம்பல் நிறமாயிருந்தால் வெள்ளி மையாக இருக்கலாம். ஐயமிருந்தால் எந்தெந்த பிலிம், எத்தனை மைக்ரான் என்று சப்ளையரிடம் எழுதி வாங்குங்கள்.

வறுத்த முந்திரி, காப்பித்தூள், சிப்ஸ் போன்றவற்றை வெள்ளி மைக் கவரில் நம்பிப் போட்டால் நமுத்துப்போகும், சிக்கு வாடை வீசும். திரும்பி வரும் சரக்கின் நட்டம் நம்முடையது; கெடுவது நமது கடையின் பெயர்.

நல்ல கவரையும் மடித்து நசுக்கினால் உலோகப் படிவில் கீறல் விழும். சீல் சரியில்லாவிட்டால் எந்தக் கவரும் பயனற்றது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பேக்கேஜிங் விதிகளின்படி, அச்சு மை ஐ.எஸ். 15495 தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். அதையும் கேட்டு வாங்குவோம். மினுக்கத்துக்கு அல்ல, காப்புக்கே விலை கொடுப்போம்.