காகம் கொண்டுவந்த பழி

‘தி குரோ’ என்ற சித்திரநாவலைத் தெரிந்த பெடியள் பாரிஸில் கனபேர் இருக்கினம். 1994இல் வந்த படத்தைப் பார்த்தவை அதைவிடக் கூட. கொலை செய்யப்பட்ட ஒருத்தனைக் காகம் ஒன்று திரும்பக் கூட்டிக்கொண்டு வரும். அவன் தன்னையும் தன் காதலியையும் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடி முடிப்பான். அவ்வளவுதான் கதை. அமாவாசை விரதச் சோற்றைக் காகத்துக்கு வைத்துவிட்டுக் காத்து நிற்கிற வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு, செத்தவரையும் காகத்தையும் சேர்த்துப் பார்க்கிறது ஒன்றும் புதிதில்லை. பழிவாங்க வரும் ஆவியும் பழையனூர் நீலி காலத்தில் இருந்தே தெரிந்ததுதான்.

நான் சொல்ல வந்தது இதன் தொடர்ச்சிகளில் ஒன்றைப் பற்றி. முதல் புத்தகத்தை எழுதி வரைந்த ஜேம்ஸ் ஓ'பார், ‘ஸ்கின்னிங் த வுல்வ்ஸ்’ என்ற பெயரில் இன்னொரு கதை எழுதினார். ஜிம் டெர்ரியின் ஓவியங்களோடு 2012 இறுதியில் இருந்து மூன்று இதழ்களாக வந்தது. இந்த முறை கதை நடப்பது நாசிகளின் வதைமுகாம் ஒன்றில். பிணங்களோடு வந்த ரயிலில் இருந்து ஒருவன் எழும்பி வருகிறான். பிறகு காவலர்களுக்கும் முகாம் பொறுப்பாளனுக்கும் நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

லாச்சப்பலில் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் இந்தப் புத்தகம் நாலைந்து கை மாறியது. கருத்து இரண்டாகப் பிரிந்தது. வன்னியில் இருந்து வந்த நண்பர் ஒருவருக்கு நல்லாப் பிடித்துக்கொண்டது. “ஒருத்தனாவது எழும்பி வந்து கேட்டானே!” என்றார். இங்கேயே பிறந்த தம்பி ஒருவனுக்குக் கோபம். பள்ளிக்கூடத்தில் வதைமுகாம் பற்றிப் படித்தவன், நினைவகத்துக்கும் போய் வந்தவன். “அண்ணே, உண்மையாச் செத்த சனத்தை வச்சுச் சண்டைப்படம் காட்டுறாங்கள்” என்றான். மூன்றாவது ஆள், என்னைப்போல கணினி வேலை செய்கிறவர், கதை மெல்லிசு, படம் நல்லம் என்று முடித்துவிட்டார்.

எனக்கு இது வேறு மாதிரிப் பட்டதற்கு நான் இருக்கிற இடம் ஒரு காரணம். திரான்சியில் ‘சித்தே த லா முயெத்’ என்ற குடியிருப்பு இருக்கிறது. 1930களில் கட்டியது. 1941 ஓகஸ்டில் இருந்து 1944 ஓகஸ்ட் வரை அதுதான் யூதர்களை அடைத்து வைத்த முகாம். ஏறத்தாழ 63,000 பேரை இங்கிருந்து ரயிலேற்றினார்கள், பெரும்பாலும் அவுஷ்விட்சுக்கு. முதலில் லு பூர்ஜே நிலையத்தில் இருந்து, 1943இல் இருந்து பொபிஞியில் இருந்து. இன்றைக்கு அதே கட்டடங்களில் சனம் குடியிருக்கினம். முன்னால் ஒரு சரக்குப் பெட்டி நினைவுச்சின்னமாக நிற்கிறது. எதிரே நினைவகம்.

1943 நடுப்பகுதியில் இருந்து இந்த முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவன் அலோய்ஸ் புருன்னர். சித்திரக்கதையின் முகாம் பொறுப்பாளனுக்குக் கடைசிப் பக்கத்துக்குள் கணக்குத் தீர்ந்துவிடும். புருன்னர் சிரியாவுக்குத் தப்பினான். 1954இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவன் இல்லாமலே மரண தண்டனை கொடுத்தது. 2001இல் ஆயுள் தண்டனை, அதுவும் அவன் இல்லாமலே. கடிதக்குண்டுகளில் ஒரு கண்ணும் சில விரல்களும் போயின. பிடிபடவே இல்லை. டமாஸ்கஸில் கிழவனாகச் செத்தான். ஒரு காகமும் போகவில்லை.

போனது ஒரு மகன். செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்டின் தகப்பனை 1943இல் நீஸ் நகரத்தில் புருன்னரின் ஆட்கள் பிடித்தார்கள். திரான்சி வழியாக அவுஷ்விட்ஸ், திரும்பி வரவில்லை. அந்த மகன் சட்டம் படித்தார். மனைவி பியாட்டேயோடு சேர்ந்து, பாரிஸ் கெஸ்டாப்போவை நடத்திய கூர்ட் லிஷ்கா ஜேர்மனியில் நிம்மதியாக வாழ்வதைக் கண்டுபிடித்தார். லிஷ்காவும் கூட்டாளிகள் இரண்டு பேரும் 1980இல் கொலோன் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அதற்கு முன்பே, 1978இல், கிளார்ஸ்ஃபெல்ட் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டிருந்தார். முழுக்கப் பட்டியல். எந்த ரயில், எந்தத் தேதி, யார் யார், எங்கே பிறந்தவர்கள்.

இதைப் படித்த பிறகு அந்தத் தொடர்ச்சியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். என் குறை வன்முறை பற்றியதில்லை. செத்தவனே எழும்பி வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டால், உயிரோடு இருக்கிறவருக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. முதல் புத்தகம் அப்படியில்லை. ஓ'பார் கலியாணம் செய்ய இருந்த பெண்ணைக் குடிபோதையில் வாகனம் ஓட்டிய ஒருவர் கொன்றதற்குப் பிறகு வரைந்தது அது. வரைந்தும் வலி குறையவில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குறையாத வலிதான் அங்கே கதையைத் தாங்குது. தொடர்ச்சியில் அது இல்லை. பழி மட்டும் இருக்கிறது.

வன்னி நண்பரிடம் இதைச் சொன்னேன். “உங்களுக்கென்ன, படிச்சனீங்கள், பட்டியல் போடலாம்” என்றார். கோபமாகத்தான் சொன்னார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2009 பற்றி எங்களிடம் பெரும்பாலும் எண்களே இருக்கின்றன. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது 146,679 பேர் என்ற எண். கணக்கில் வராதவர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் கொட்டகை போட்டுக் குந்திய தாய்மாரிடம் இருப்பது ஆளுக்கொரு படமும் பேரும்.

புத்தகம் இப்போது இங்கே பிறந்த தம்பியிடம். பிடிக்காது என்றவன் இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அவனுடைய அம்மம்மாவின் தம்பி ஒருவர் அந்த 146,679க்குள் இருக்கிறார். பேரையும் பிறந்த ஊரையும் அம்மாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறானாம். பிறந்த திகதி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.