மூன்று துருவும் ஒரு வெள்ளையும்: ஒப்பனைச் சந்தையில் நிறம் குறித்துச் சில குறிப்புகள்

1

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த ஒப்பனைத் தொழில் கண்காட்சி ஒன்றுக்கு என் சித்தி மகளோடு போயிருந்தேன். அவள் திண்டிவனம் பக்கம் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவள். உனக்கு அங்கே என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். அலங்காரம் என்றாலே பெண்ணுடலைப் பண்டமாக்கும் சந்தையின் சதி என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நானும் அப்படி எழுதியவள்தான். அந்த வரி பொய்யல்ல. ஆனால் அந்த வரியோடு நிறுத்திக்கொள்வதால் சந்தைக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்பதை அங்கே போனபிறகுதான் உணர்ந்தேன்.

இது குடும்பத்தோடு போய் அப்பளம் தின்றுவிட்டு வரும் பொருட்காட்சி அல்ல. தொழில் செய்பவர்களுக்கானது. கூடத்தின் ஒரு பாதி முழுக்கக் கடைகள்: அடிப்பூச்சு, பிரஷ், பொய் இமை, சவுரி, வட்ட விளக்கு, மடக்கு நாற்காலி. ஒரு மூலையில் சினிமாவுக்கான சிலிக்கான் காயங்களும் வழுக்கைத் தலைகளும். மறுபாதியில் மேடை. பெயர்பெற்ற கலைஞர் ஒருவர் ஒரு மாடலை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுகிறார். அந்த முகம் பின்னால் திரையில் பத்தடி உயரத்துக்குத் தெரிகிறது. கீழே நூற்றுக்கணக்கான பெண்கள் போனில் படம் பிடிக்கிறார்கள், நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். கல்லூரி வகுப்பில்கூட இவ்வளவு கவனத்தை நான் பார்த்ததில்லை. பிழைப்புக்கான கவனம் அது.

2

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பவுண்டேஷன் எனப்படும் அடிப்பூச்சின் நிறம் பெரும்பாலும் நாலே நாலு தூள்களிலிருந்து வருகிறது. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. மஞ்சள், சிவப்பு, கறுப்புக்கு மூன்று இரும்பு ஆக்சைடுகள். இரும்பு ஆக்சைடு என்பது துருவின் இனம்; நம் வீடுகளின் ரெட் ஆக்சைடு தரைக்குப் போகும் சரக்கின் சுத்தமான வடிவம். மூன்று துருவும் ஒரு வெள்ளையும். உலகத்து முகங்கள் அத்தனையும் இவற்றின் விகிதம்தான். ரசாயனத்தின் அளவில் எந்த நிறத்துக்கும் எந்த உயர்வும் இல்லை.

உயர்வு தாழ்வு எங்கே வருகிறது? ஷேடு அட்டையில். அட்டையின் இடக்கோடியில் வெளுத்த நிறம். வலப்பக்கம் போகப்போகக் கறுக்கும். அதாவது வெளுப்பு தொடக்கம், மற்றவையெல்லாம் அதிலிருந்து விலகல். பெயர்களையும் கவனியுங்கள். வெளுத்தவற்றுக்குப் பீங்கான், தந்தம், முத்து. கறுத்தவற்றுக்குக் கேரமல், மோக்கா, சாக்லேட். ஒன்று பாதுகாத்து வைக்கப்படும் பொருள், இன்னொன்று தின்று தீர்க்கப்படும் பண்டம். அறிவியலும் இந்த வரிசைக்கு வெளியே நிற்கவில்லை. தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் உருவாக்கிய தோல் வகைப்பாட்டில் முதலில் இருந்த நான்கு வகைகளும் வெள்ளைத் தோலுக்குள்ளான பிரிவுகளே. பழுப்பும் கறுப்பும் பிற்பாடுதான் ஐந்தாவது, ஆறாவது என்று பின்னால் ஒட்டப்பட்டன. 2017இல் ஃபென்டி பியூட்டி ஒரே நேரத்தில் 40 ஷேடுகளோடு வந்தபிறகு மற்ற கம்பெனிகளும் அட்டையை நீட்டின. ஆனால் அட்டை நீண்டதே தவிர வரிசை மாறவில்லை. கண்காட்சியில் நான் பார்த்த ஒரு கடையில் அட்டையின் கடைசி நான்கு ஷேடுகளும் அச்சில் இருந்தன, அலமாரியில் இல்லை. ‘ஆர்டர் குடுத்தா வரும் மேடம்’ என்றார் விற்பனைப் பையன்.

தமிழ் படித்தவளுக்கு இங்கே வேறொன்று நினைவுக்கு வரும். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை. மாந்தளிரின் நிறம் என்பார்கள் உரைகாரர்கள். தலைவன் பிரிந்தால் அந்த மாமையைப் பசலை தின்னும். அங்கே நிறம் வெளுப்பது நோய். அன்றைக்கு நாம் கறுப்பைக் கொண்டாடினோம் என்று பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. எது இயல்பு, எது விலகல் என்பது எழுதப்படுவது. எழுதப்பட்டது மாறும் என்பதற்காகச் சொல்கிறேன்.

3

சித்தி மகள் கண்காட்சிக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கல்யாணம். அவள் சொன்னபடியே தருகிறேன்: “பொண்ணு நல்ல கறுப்புக்கா. ‘ரெண்டு ஷேடு ஏத்திப் போடு’ன்னு மாப்ள வீட்ல சொல்லிட்டாங்க. ஏத்தினேன். ஆல்பத்துல பாத்தா முகம் சாம்பல், கழுத்து கறுப்பு. மீதிப் பணம் தரல. பொண்ணு போன்ல அழுவுது.”

ஏன் சாம்பல்? இது விளக்கக்கூடிய விஷயம். கரும்பலகையைச் சரியாகத் துடைக்காவிட்டால் சாக்பீஸ் படிந்த இடம் வெள்ளையாகவா இருக்கிறது? சாம்பலாக இருக்கிறது. கறுப்பின்மேல் மெல்லிய வெள்ளைப் படலம் அப்படித்தான் தெரியும். டைட்டானியம் அதிகமுள்ள வெளுத்த பூச்சு, கறுத்த தோலுக்கே உரிய சிவப்பையும் மஞ்சளையும் மூடிவிடுகிறது. அதன்மேல் ஃபிளாஷ் விழுந்தால் வெள்ளைத் தூள் ஒளியைத் திருப்பி அடித்து அதை இன்னும் கூட்டும். ஆக, தவறு அவள் கையில் இல்லை. அவளிடம் கேட்கப்பட்டதே அசாத்தியம்.

மேடையில் இதே பேச்சு வந்தது. ‘ஒரு ஷேடு ஏத்தலாம், ரெண்டு ஏத்தினா சாம்பல் அடிக்கும்’ என்றார் கலைஞர். கூடமே எழுதிக்கொண்டது. கேள்வி நேரத்தில் இவள் எழுந்தாள். “ஏத்தாமலே போட்டா என்ன சார்?” சிரிப்பு. அவர் கோபமில்லாமல்தான் பதில் சொன்னார்: “போட்டதே தெரியாதேம்மா. அப்புறம் எதுக்குக் காசு குடுப்பாங்க?”

அந்தக் கூடத்தில் சொல்லப்பட்டவற்றில் மிக உண்மையான வாக்கியம் இது என்று நினைக்கிறேன். நாம் வெளுப்பை அழகின் அளவுகோலாக மட்டும் பார்த்து விமர்சிக்கிறோம். ஃபனானின் ‘கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்’ என்ற தலைப்பைச் சொல்லிவிட்டு நகர்கிறோம். இங்கே வெளுப்பு கூலியின் அளவுகோலாகவும் இருக்கிறது. தோலின் அதே நிறத்தில் திட்டுத்திட்டாக இல்லாமல் சமன்செய்வது, கண்ணுக்குக் கீழுள்ள நீலக்கருமையை ஆரஞ்சுத் திருத்தியால் ஈடுகட்டுவது, தாடையிலிருந்து கழுத்துக்கு இழுத்துக் கலப்பது எல்லாம் கடினமான வேலைகள். நன்றாகச் செய்தால் அவை தெரியாது. தெரியாத உழைப்புக்கு விலை இல்லை. ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் தெரிகிற தூரம்தான் சம்பளம். ஆகவே ஒப்பனைக்காரி தன் உழைப்புக்குச் சாட்சியாக வெளுப்பைப் பூச வேண்டியிருக்கிறது. அவள் கறுப்பை வெறுத்தாக வேண்டியதில்லை. எங்கள் இவள் தானே கறுப்பு.

4

ஒப்பனைக்காரியின் உழைப்பு எண்ணப்படாமல் போவது புதிதல்ல. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலில் ஒப்பனைத் துறையின் படிநிலையைக் காட்டுகிறார்: நாயக நாயகியருக்குத் தலைமை ஒப்பனையாளர், அடுத்தடுத்த நடிகர்களுக்கு அடுத்தடுத்த உதவியாளர்கள், கூட்டத்தில் நிற்பவர்களுக்கு ஆபீஸ் பாய். யார் முகத்தை யார் தொடுவது என்பதே அங்கே ஒரு வர்ணாசிரமம். மும்பைத் திரைத் தொழிலில் பெண்கள் தலைமுடி அலங்காரம் செய்யலாம், மேக்கப் செய்யச் சங்க அட்டை கிடையாது என்ற விதி பல பத்தாண்டுகள் இருந்தது. சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. பெண்கள் வந்தால் ஆண்கள் பிழைப்பு போகும் என்பது சங்கத் தரப்பின் வாதமாக இருந்தது. நம் மொழியிலும் ‘மேக்கப்மேன்’ உண்டு. பெண்ணுக்கு அப்படி ஒரு சொல் புழங்கியதில்லை.

அந்தத் தீர்ப்பு ஸ்டுடியோவுக்கானது. திண்டிவனத்துக் கல்யாண மண்டபத்தில் விடிகாலை மூன்று மணிக்கு வேலை தொடங்கும் பெண்ணுக்குச் சங்கமும் இல்லை, அட்டையும் இல்லை. கண்காட்சி அவளை ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று கூப்பிடுகிறது. கௌரவமான சொல்தான். ஆனால் ஆர்ட்டிஸ்டுக்கு வேலை நேரம் கிடையாது, திறமை மட்டும்தான் உண்டு. ஆல்பம் சரியில்லை என்றால் அது கலையின் தோல்வி, கூலி கேட்க முடியாது.

5

மதியம் மேடைக்குப் பின்னால், உதவியாளராக இருந்த ஒரு பெண் இவளைக் கூப்பிட்டு ஸ்டீல் தட்டில் கலந்து காட்டினார். இரண்டு ஆழ்ந்த ஷேடுகள், ஒரு துளி ஆரஞ்சு, வெள்ளையே சேர்க்கவில்லை. என் புறங்கையில் தடவினார். எங்கே தடவினார் என்று தேட வேண்டியிருந்தது. அன்றைக்குப் பார்த்த வித்தைகளில் அதுதான் பெரியது. அதை மேடையில் காட்ட முடியாது, தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் ஷேடு அட்டையின் பின்பக்கத்தில் இவள் ஒரு பில் எழுதினாள். ஒத்திகை நாள் ஒன்று, பகல் வெளிச்சத்தில் கழுத்தோடு சேர்த்து ஒரு படம். பெண் பார்த்துச் சரியென்றால்தான் அந்த நிறம். பொருள் செலவு தனி, தலை தனி, புடவை தனி, மணிக்கணக்கு தனி. முன்பணம் பாதி. ‘பின்’ படத்தைக் காட்டி வாங்கும் கூலிக்குப் பதிலாக நேரத்தைக் காட்டி வாங்கும் கூலி.

அதற்குப் பிறகு மூன்று வீட்டில் அந்தப் பில்லைக் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் மட்டும் ஒத்திகைக்கு வந்து, படத்தைப் பார்த்துவிட்டு, “இது நான்தானே” என்றாளாம். இந்த ஒன்றை வைத்து வெற்றி என்று எழுத மாட்டேன். தனியாளாக ஒருத்தி இதைச் செய்தால் பிழைப்பு போகும். பத்துப் பேர் ஒரே பில்லைக் கொடுத்தால்தான் அது விதியாகும். அந்தப் பத்துப் பேர் சேர நாம் என்ன செய்யப்போகிறோம் என்பதே கேள்வி. அலங்காரம் கூடாது என்று அவர்களிடம் போய்ப் பிரசங்கம் செய்வதாக இருந்தால், போகாமலே இருக்கலாம்.