ஆமைக்கு எத்தனை அடி இடம் வேண்டும்?

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சுற்றிப் பார்க்க வருவோரிற் பலர் புத்தூரையடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரையை எட்டிப் பார்த்துவிட்டே செல்வர். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக, அடி காண முடியாதது என்று நெடுங்காலம் பேசப்பட்ட அந்தக் கிணற்றைப் பற்றி எழுதியவர்கள் பலர். நாம் இன்று எழுதப் புகுந்தது அதனைச் சூழவுள்ள ஊர்களின் வீட்டுக் கிணறுகளைப் பற்றி. அவற்றுட் சிலவற்றில், எவருடைய கவனத்துக்கும் எட்டாமல் ஆண்டுக் கணக்கிற் குடியிருக்கும் ஒரு பிராணியைப் பற்றி.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஆயினும் அதே ஆமையைப் பிடித்துக் கிணற்றுக்குள் விட்டால் புழு பூச்சிகளைத் தின்று நீரைத் துப்புரவாக வைத்திருக்கும் என்பதும் நம்மவர் நம்பிக்கைதான். வாசற்படிக்கு ஆகாத பிராணி குடிநீருக்கு ஆகும் என்று முடிவு செய்த பெரியவர் யாரோ, அறியோம். வளர்ப்புப் பிராணிகளுக்கு மனிதர் ஒதுக்கும் இடங்களுள் மிக ஒடுக்கமானவற்றில் ஒன்று இந்தக் கிணறு என்பதில் மட்டும் ஐயமில்லை.

கிணற்றில் ஆமைக்கு என்ன குறை, நீர் இருக்கிறதே என்று கேட்கலாம். நீர் இருக்கிறது, கரை இல்லை. குளத்து ஆமை நீரிலேயே பொழுதைக் கழிப்பதன்று. அதன் உடம்பு தானாக வெப்பத்தை உண்டாக்கிக் கொள்ளாது. காலையிற் கரையேறி, வெயிலில் ஓட்டைக் காய வைத்து, உடம்பு சூடேறிய பின்னரே அதற்குப் பசியும் செரிமானமும் ஒழுங்காக நடைபெறும். ஓடு காய்வதால் அதிற் படர்ந்த பாசி உதிரும்; ஒட்டியிருக்கும் அட்டைகள் விழும். வெயில் பட்டாற்றான் தோலில் 'டி' உயிர்ச்சத்து உண்டாகும். அந்த உயிர்ச்சத்து இருந்தாற்றான் உண்ட உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஓட்டிலும் எலும்பிலும் சேரும். ஓடு என்பது மேலே கவிழ்த்த மூடியன்று. முதுகெலும்பும் விலாவெலும்புகளும் பரந்து ஒன்றாகிய பகுதி அது. தொட்டால் உணர்ச்சியும் உண்டு. ஆழமான கிணற்றின் அடிக்கோ நண்பகலையொட்டிச் சிறிது நேரமே வெயில் இறங்கும். இறங்கினாலும் ஏறிக் காய்வதற்கு ஒரு கல் இல்லை.

பெண் ஆமையானால் இடர் இன்னும் பெரிது. முட்டையிட அது மண்ணைத் தோண்டியாக வேண்டும். செங்குத்தான கல்லும் சிமெந்தும் சூழ்ந்த இடத்தில் தோண்ட மண் ஏது? முட்டையை வெளியிட வழியில்லாமல் வயிற்றிலேயே தாங்கி நோயுற்று மாண்டுபோவதும் உண்டு. ஆமை முனகுவதில்லை, கத்துவதில்லை. அதன் பொறுமையை நாம் திருப்தி என்று எண்ணிக்கொள்கிறோம்.

குடிநீரைப் பற்றியும் ஒரு சொல். ஆமைகளின் குடலில் 'சல்மனெல்லா' என்னும் நோய்க்கிருமி இருப்பது சாதாரணம். ஆமைக்கு அதனால் தீங்கு பெரும்பாலும் இராது. மனிதருக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, அது கடுமையான வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் தரவல்லது. அமெரிக்காவில் நான்கு அங்குலத்திற் சிறிய ஆமைகளை வளர்ப்பதற்காக விற்பது 1975 இல் தடை செய்யப்பட்டது இக் காரணம் பற்றியே. குழந்தைகள் அச் சிறு குட்டிகளை வாயில் வைத்து விளையாடினர். நீரைத் துப்புரவு செய்யவென்று விட்ட பிராணி அந்த நீரிலேயே கழிக்கிறது என்பதைக் கிணற்று நீரை அப்படியே அள்ளிப் பருகும் வீடுகள் எண்ணிப் பார்க்க வேண்டும். கிணற்றுக்குக் குளோரின் இடும்போது உள்ளே ஆமை இருப்பதை ஒருவரும் நினைப்பதில்லை என்பது இன்னொரு துன்பம்.

இனி, இங்கே நாம் காணக்கூடிய ஆமைகள் எவை? கடலாமைகளை விட்டுவிட்டால் இலங்கைக்கு உரியவை மூன்று. குளம் குட்டைகளில் வாழும் கறுத்த ஆமை ஒன்று. சேற்றிற் புதைந்து கிடக்கும் மெல்லிய ஓட்டையுடைய பாலாமை மற்றொன்று. மூன்றாவது, உலர் வலயத்துப் பற்றைக் காடுகளில் மேய்ந்து திரியும் நட்சத்திர ஆமை; கருநிற ஓட்டில் மஞ்சட் கதிர்கள் விரிந்த அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. இந்திய உபகண்டத்திலிருந்து ஆயிரக்கணக்கிற் கள்ளமாக ஏற்றிச் செல்லப்பட்டதன் விளைவாக, 2019 இல் பன்னாட்டு வாணிக உடன்படிக்கையின் முதலாம் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான தடைக்குரிய வரிசையில், அது சேர்க்கப்பட்டது. இம் மூன்றையும் இலங்கையின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. ஆகவே, வயலிலோ வீதியோரத்திலோ கண்டெடுத்த ஆமையை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பதற்கு உரிமை இல்லை. வீதியைக் கடக்கும் ஆமையை அது செல்லும் திசையிலேயே மறுகரையில் விட்டுவிடுவதே செய்யத்தக்கது. காயம்பட்டிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். முன்னோர் விட்ட ஆமை கிணற்றில் இன்னும் உயிரோடிருந்தாலும் அத் திணைக்களத்தாரையே கேட்டு ஆவன செய்வது முறை. அதுவரை, பனங்குற்றியொன்றை அல்லது தடித்த பலகையொன்றைக் கயிற்றிற் கட்டி நீரில் மிதக்க விட்டால் ஏறி இளைப்பாறவாவது அதற்கு ஓரிடம் கிடைக்கும்.

அப்படியாயின் இன்று பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்ப்பது எதனை? அலங்கார மீன் விற்கும் கடைகளிற் கிடைக்கும் பச்சை நிறக் குட்டி அது. கண்ணின் பின்னே சிவப்புக் கோடு இருப்பதாற் செங்காது ஆமை எனப்படும். அதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. வாங்கும்போது ஒரு நாணயத்தின் அளவாக இருக்கும் குட்டி, சில ஆண்டுகளிற் சோற்றுக் கோப்பையின் அளவை எட்டும். பெண் ஆமையின் ஓடு 25 சென்ரிமீற்றரையும் தாண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆறாம் வகுப்பிற் படிக்கும் மாணவன் ஒருவன் இன்று ஒரு குட்டியை வாங்கினால், அவனுடைய கலியாண வீட்டிலும் அது இருக்கக்கூடும்.

அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஜேர்மனியில் 1997 இல் அரசாங்கத்தின் சார்பில் அறிஞர்கள் ஊர்வன வளர்ப்புக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டனர். அதன்படி நீராமைத் தொட்டியின் நீளம் ஓட்டின் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு; அகலம் அதிற் பாதி; நீரின் ஆழம் ஓட்டின் அகலத்தைப்போல் இரு மடங்கு. நம் செங்காது ஆமை 25 சென்ரிமீற்றர் வளர்ந்தால் தொட்டி நான்கடிக்குக் குறையாத நீளமும் இரண்டடி அகலமும், ஒன்றேகாலடிக்குக் குறையாத நீரும் உடையதாக இருக்க வேண்டும். இது கீழெல்லை. இதன் மேல் ஏறிக் காய்வதற்கு ஒரு மேடையும் வேண்டும். கடைக்காரர் குட்டியுடன் சேர்த்துத் தரும் பிளாஸ்ரிக் கிண்ணத்தையும், அதன் நடுவே நிற்கும் பிளாஸ்ரிக் தென்னை மரத்தையும் இந்த அளவோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.

தொட்டி போதாமற் போகும் காலத்திற் பலரும் கைக்கொள்ளும் வழி, இரவோடிரவாக ஊர்க் குளத்தில் விட்டுவிடுவது. விட்டவருக்கு அது கருணையாகத் தோன்றும். ஆனால் உலகெங்கும் பரவி, உள்ளூர் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொண்ட பிராணி இது. உலகின் மிகக் கேடான நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இதற்கும் இடமுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1997 இல் இதன் இறக்குமதியை நிறுத்தியது. நம் குளங்களில் மிஞ்சியிருக்கும் கறுத்த ஆமைக்கும் பாலாமைக்கும் இன்னொரு பங்காளி தேவையில்லை.

தரையாமையின் கதை வேறு. இங்கே அதனை வளர்க்கச் சட்டம் இடந்தராவிட்டாலும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் உறவினர் சிலருடைய பிள்ளைகள், அந் நாட்டுச் சட்டத்துக்கு அமைய, பண்ணையிற் பிறந்த தரையாமைகளை வளர்க்கிறார்கள். இட நெருக்கடி அவர்களுக்கே அதிகம்.

தரையாமையின் மனத்தை அறிய விரும்புவோர் இங்கிலாந்திற் செல்போர்ன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பேர்ட் வைற் பாதிரியாரின் ஆமையைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. திமொதி என்று பெயரிடப்பட்ட அந்த ஆமை, அவருடைய அத்தை முறையான அம்மையார் ஒருவரின் வீட்டில், மதில் சூழ்ந்த ஒரு சிறு முற்றத்திற் பல ஆண்டுகள் வாழ்ந்தது. அம்மையார் காலமானபின், 1780 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், உறக்கத்திற் கிடந்த அதனை மண்ணிலிருந்து தோண்டியெடுத்து, ஏறக்குறைய எண்பது மைல் குதிரை வண்டியில் ஏற்றித் தம் தோட்டத்துக்குக் கொணர்ந்தார் பாதிரியார். நாள்தோறும் அதன் நடத்தையைக் குறித்து வந்தார். கோடையின் தொடக்கத்தில் அது விடியற்காலையிலேயே எழுந்து தோட்டமெங்கும் நடந்து, வேலியின் ஒவ்வொரு இடைவெளியையும் ஆராய்ந்து, தப்பியோட வழி தேடுவதைக் கண்டார். துணை தேடும் ஆணின் வேட்கை என்று அதற்குக் காரணமும் எழுதினார். அவர் 1793 இல் இறந்தார். ஆமை மறு ஆண்டில் இறந்தது. பின்னர் ஓட்டை ஆராய்ந்தவர்கள் அது ஆணன்று, பெண் என்று கண்டனர்! முட்டையிட ஏற்ற மண் தேடித்தான் அலைந்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த ஓடு இன்றும் இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது.

மேலே சொன்ன ஜேர்மன் வழிகாட்டி, தரையாமைக்கு ஓட்டின் நீளத்தைப்போல் எட்டு மடங்கு நீளமும் நான்கு மடங்கு அகலமும் விதிக்கிறது. 25 சென்ரிமீற்றர் ஆமைக்கு ஆறரை அடிக்கு மூன்றேகால் அடி. ஏறக்குறைய இருபத்தொரு சதுர அடி. நம் ஊர்க் கணக்கில் ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். அதாவது 2,700 சதுர அடிக்கு மேல். இந்த இடம் ஒரு பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. இதையும் கொடுக்காமல் ஒரு பெட்டிக்குள் அடைப்பவர், ஆமையை வளர்க்காமல் இருப்பதே நன்று.

இடம் குறைவாயின், இருக்கும் இடத்தைப் பெரிதாக்கும் உபாயங்கள் சில உள்ளன. தரையாமை தரையிலேயே வாழ்வது. உயரமான பெட்டியால் அதற்குப் பயனில்லை, தரையின் பரப்பே கணக்கு. கண்ணாடிச் சுவரை அதனால் அறிந்துகொள்ள முடியாது. வழி தெரிகிறதே என்று நாள் முழுவதும் முட்டிக்கொண்டிருக்கும். ஒளி புகாத தாழ்ந்த பலகை அடைப்பானால் அந்த வேதனை பெரிதும் தணியும். தட்டையான ஓட்டுத் தரையை விட, தோண்டக்கூடிய மண்ணும் சிறு மேடும், ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த பானையோட்டின் பாதியும், ஆழமில்லாத நீர்த் தட்டும் உள்ள அதேயளவு இடம் இருமடங்கு பயன் தரும். உணவை ஒரே இடத்திற் குவிக்காமற் புல்லையும் இலையையும் அங்குமிங்கும் இட்டால் அது நடந்து தேடி உண்ணும். சோறும் பாணும் அதற்கு உணவல்ல. குளிர் நாட்டில் யன்னலோரத்து வெயிலை நம்பலாகாது. கண்ணாடி கடந்து வரும் ஒளியில் உயிர்ச்சத்தை உண்டாக்கும் கதிர் வந்து சேராது, அதற்கென உள்ள விளக்கு வேண்டும். ஒரே அடைப்பில் இரண்டு ஆண் ஆமைகளை விட்டால் முட்டி மோதி ஒன்றையொன்று கவிழ்த்துவிடும். தனிமையில் ஆமை வாடும் என்று இரக்கப்பட்டு இரண்டாவதை வாங்குவது இடத்தைப் பாதியாக்குவதுதான்.

மீண்டும் புத்தூர்ப் பக்கம் வருவோம். சீதனமாகப் பிரித்துப் பிரித்து வளவுகள் சிறுத்துவிட்டன. கிடுகு வேலியும் கிளுவை வேலியும் நின்ற இடங்களில் இப்போது சிமெந்துக் கல் மதில்கள் எழுகின்றன. வேலியாயிருந்த காலத்தில் அடியிலே ஒரு பொட்டு எப்போதும் இருக்கும். மழைக்காலத்தில் வயலிலிருந்து குளத்துக்கும் குளத்திலிருந்து மேட்டுக்கும் செல்லும் ஆமை அதனூடே நுழைந்து போய்விடும். மதிலுக்கு அத்தகைய வழி இல்லை. மதில் கட்டுவோர் மழைநீர் வடிந்தோட அடியில் ஒரு துவாரம் விடுவதுண்டு. அதனை ஓரடி அகலமும் முக்காலடி உயரமுமாக விடும்படி மேசனிடம் சொன்னால், அவருக்கு ஒரு கல்லுத்தான் மிச்சம்.