மாதத்தில் மற்ற இருபத்தொன்பது நாள்

தாராபுரத்திலிருந்து திருப்பூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர், கோவை 80. மூலனூர், குண்டடம் பக்கம் தோட்டத்துச் சாளையில் இருப்பவர் பெரிய டாக்டரைப் பார்க்கக் கிளம்பினால் அன்றைய வேலை கெட்டது. பால் கறக்கவும் ஆள் பார்க்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் இரண்டும் வலிக்காத நோய்கள் வேறு. பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டி, அதே மாத்திரையை வாங்கி வருவதோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது.

தொலைமருத்துவம் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். 2020 மார்ச் 25-ல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைப்படி, பதிவு பெற்ற மருத்துவர் போனிலோ வீடியோவிலோ ஆலோசனை சொல்லலாம். தொடர்ந்து பார்த்துவரும் நோயாளிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மறுபடி எழுதித் தரலாம். அடுத்த மாதமே அரசின் இலவச 'இ-சஞ்சீவனி' வெளிநோயாளர் சேவை வந்தது. ஸ்மார்ட்போன் கைவராத பெரியவர்களுக்கு இது மட்டும் போதாது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். நம் ஊருக்கு உண்மையான தொலைக் கண்காணிப்பு இவர்தான் என்பேன்.

கருவி எவ்வளவு நவீனமானது என்பது இரண்டாம் பட்சம். பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரத்த அழுத்த நோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்று 2018-ல் 'லான்செட்' இதழில் வந்தது. வீட்டில் அளந்த எண்களை வைத்து மருத்துவர் மருந்தைக் கூட்டிக் குறைத்தவர்களுக்கு, ஓராண்டில் அழுத்தம் நன்றாகவே குறைந்திருந்தது. எண்களைச் செல்போனில் அனுப்பியவர்களுக்குப் பலன் கொஞ்சம் சீக்கிரம் கிடைத்தது. ஆண்டு முடிவில் தாளில் எழுதியவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். நாற்பது பக்க நோட்டே போதும். ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மருந்தை மாற்ற ஒரு மருத்துவர் வேண்டும். யாருமே பார்க்காத செயலியில் குவியும் எண்களால் ஒரு பயனும் இல்லை.

எண் சரியாகவும் இருக்க வேண்டும். டீ, காபி குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்கட்டும். நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். மேல்கையில் பட்டையைச் சுற்றி, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வையுங்கள். அளக்கும்போது பேச்சு வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். மருத்துவமனையில் 140/90 என்பது எல்லை. வீட்டில் 135/85-ஐத் தாண்டினாலே அதிகம்தான். ஒருநாள் கூடிவிட்டதென்று பதறி நீங்களாக இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது.

போனில் முடியாதவையும் உண்டு. சர்க்கரை நோயாளியின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பதைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். விழித்திரைக்குக் கேமரா வேண்டும். அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் சூணாம்பேட்டைச் சுற்றி 42 கிராமங்களில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இதற்காக ஒரு வேனையே அனுப்பியது. எடுத்த விழித்திரைப் படங்கள் செயற்கைக்கோள் வழியே சென்னை மருத்துவர்களுக்குப் போயின. அப்படியொரு வேன் வராத ஊர்க்காரர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும் காலையும் நேரில் போய்க் காட்டியே ஆக வேண்டும்.

நெஞ்சு வலித்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ வீடியோவுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.