பழைய ஸ்போர்ட்ஸ் காரும் புதிய குடும்பக் காரும்

1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், லண்டன் மாநகரிலே நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் புதிய கார் ஒன்று எல்லோர் கண்களையும் கவர்ந்தது. உலகப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள். இங்கிலாந்தில் பெற்றோல் பங்கீட்டுக்கு உட்பட்டிருந்த காலம். ஜகுவார் எக்ஸ்.கே. 120 என்னும் அந்த ஸ்போர்ட்ஸ் காரின் பெயரிலுள்ள எண், மணிக்கு 120 மைல் வேகத்தைக் குறித்தது. இது வெறும் விளம்பரமோ என ஐயுற்றோரும் உண்டு. அடுத்த ஆண்டு மே மாதத்தில், பெல்ஜியத்திலுள்ள ஜபெக்கே என்னுமிடத்து நேர்ச்சாலையில் அது 132 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடி ஐயத்தைத் தீர்த்தது. காற்றுத் தடையைக் குறைக்க முன்கண்ணாடி கழற்றப்பட்டிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் இயந்திரம் ஆறு சிலிண்டர்களும் 160 குதிரை வலுவும் உடையது. நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை எட்ட ஏறத்தாழ 10 விநாடி எடுத்தது. 2018ஆம் ஆண்டின் ரொயோட்டா கம்ரியோ நான்கு சிலிண்டர்களைக் கொண்டே 200 குதிரை வலுவைத் தந்து, அவ்வேகத்தை ஏறத்தாழ 8 விநாடியில் எட்டிவிடுகிறது. பின்னிருக்கையில் பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கலாம். அன்று வீரச் செயலாகக் கருதப்பட்ட வேகம் இன்று எவரும் கவனியாத செயலாயிற்று.

ஆயினும் வேகத்தைப் பெறுவதிலும் அதனை அடக்குவதிலேயே வேறுபாடு பெரிது. எக்ஸ்.கே. 120இன் நான்கு சில்லுகளிலும் இருந்தவை உருளை பிறேக்குகள். நீண்ட இறக்கத்தில் அவற்றை மீண்டும் மீண்டும் அழுத்தினால், வெப்பத்தால் உருளை விரிந்து உள்ளிருக்கும் கட்டையை விட்டு விலகும், உராய்வும் குறையும். சாரதியின் காலடியில் மிதி ஆழ இறங்கும், வண்டியோ நில்லாது. திடீரென மிதித்தால் சில்லு இறுகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சில்லு சறுக்குமேயன்றித் திரும்பாது. கம்ரியிலோ தட்டு பிறேக்குகள் வெப்பத்தை எளிதில் வெளிவிடுகின்றன. சில்லு பூட்டப்போவதை உணர்கருவி அறிந்து, பிறேக்கை விநாடிக்குப் பன்முறை தளர்த்தி இறுக்குகிறது. சாரதி முழுப் பலத்துடன் மிதித்தபடியே தடையை விலகிச் செல்ல இயலும்.

மோதலுக்குப் பின்னரும் நசுங்காத பழைய காரைப் பலமானதென்று புகழ்வோர் இன்றும் உளர். இது பிழையான கணிப்பு. இரும்பு நசுங்காவிடின் அதிர்ச்சி உள்ளிருப்பவரையே சேரும். எக்ஸ்.கே. 120 விற்பனைக்கு வந்தபோது இருக்கைப் பட்டி இல்லை. வளையாத திசைமாற்றித் தண்டு சாரதியின் மார்பை நோக்கி நின்றது. முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை உட்கொள்ள, நடுவறை உறுதியாக நிற்கவேண்டுமென்னும் கருத்துக்கு ஜேர்மனியில் பணியாற்றிய பெலா பரேனி 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். 1959இல் சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் போலினின் மும்முனைப் பட்டி வந்தது. இன்றைய குடும்பக் கார் இவ்விருவருக்கும் கடமைப்பட்டது.

பழைய காருக்கும் ஒரு மேன்மை உண்டு. சாலையின் கல்லும் ஈரமும் சுக்கான் வழியே சாரதியின் கைக்குத் தெரியும். பழுது ஏற்பட்டால், கருவிப் பெட்டியும் பொறுமையும் உடையவர் தாமே பலவற்றைச் சீர்செய்யலாம். கம்ரியின் பழுதைக் கண்டறியக் கணினியைத் தொடுக்கவேண்டும். அழகிலோ போட்டியே இல்லை. வில்லியம் லயன்ஸ் வகுத்த அந்த நீண்ட வளைவுகளைக் காண இன்றும் கூட்டம் கூடுகிறது. பார்த்து முடிந்ததும் அக்கூட்டத்தினர் தம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீடு செல்வது கம்ரி போன்ற வண்டிகளிலேதான்.