தலைக்கு மேல போறது எந்த ஃப்ளைட்? மொட்டை மாடியிலிருந்தே கண்டுபிடிக்கலாம்!

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை நாள். மாலை 5.40 மணிக்கு 141 பயணிகளுடன் திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பியது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். கிளம்பிய சற்று நேரத்திலேயே ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானிலேயே வட்டமடித்தது. விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் தயாராக நின்றன. பலரும் செல்போனில் அந்த வட்டங்களையே பார்த்தபடி இருந்தார்கள். இரவு 8.15 மணியளவில் விமானம் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகுதான் எல்லோருக்கும் உயிர் வந்தது.

அந்த வட்டங்கள் செல்போனுக்கு எப்படி வந்தன?

விமானமே சொல்லும் விவரம்

விமானம் தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் அறிந்து, 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தானே அறிவித்துக்கொண்டே பறக்கிறது. இடம், உயரம், வேகம், அழைப்புப் பெயர் எல்லாம் அதில் இருக்கும். இதற்கு 'ஏடிஎஸ்-பி' என்று பெயர். இதில் ரகசியக் குறியீடு கிடையாது. ரிசீவர் வைத்திருக்கும் யாரும் படிக்கலாம்.

ஸ்வீடனைச் சேர்ந்த இரண்டு விமானப் பிரியர்கள் 2006-ல் இப்படி ரிசீவர்களை வைக்கத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய 'ஃப்ளைட்ரேடார்24'. 2009 முதல், வீட்டில் ரிசீவர் வைத்திருக்கும் எவரும் அதற்குத் தகவல் அனுப்பலாம்.

என்ன வேண்டும்?

கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்காக வந்த யுஎஸ்பி டாங்கிளே ரிசீவராகும் என்பது 2012-ல் பிரபலமானது. அதோடு ஒரு லேப்டாப் அல்லது ராஸ்பெர்ரி பை, 'டம்ப்1090' என்ற இலவச மென்பொருள், சுமார் 7 செ.மீ. கம்பியில் செய்த ஆன்டெனா இருந்தால் போதும்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. 80 முதல் 83 வரையிலான எண்ணில் தொடங்கினால் அது இந்தியாவில் பதிவான விமானம். டிக்கெட்டில் '6ஈ' என்று இருக்கும் இண்டிகோ விமானம் இங்கே 'ஐஜிஓ' என்று தெரியும். குறியீடு, நேரம், உயரம் மூன்றையும் தினமும் குறித்துவந்தால், வழக்கமாக வரும் விமானம் எது, புதுசு எது என்று பிடிபட்டுவிடும்.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து...

சமணக் கோயிலின் விதான ஓவியங்களை அண்ணாந்து பார்க்க மக்கள் வரும் ஊர், காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம். இங்கிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் 50 கி.மீ.க்குச் சற்று அதிகம். மறைப்பில்லாத மொட்டை மாடி என்றால், 10 கி.மீ. உயரத்தில் போகும் விமானம் 200 கி.மீ. தள்ளியிருந்தாலும் சிக்னல் கிடைக்கும். ஆனால், சென்னையில் தரையிறங்கும் விமானம் ஓடுபாதையைத் தொடும் முன்பே திரையிலிருந்து மறைந்துவிடும். பூமியின் வளைவுதான் காரணம்.

திருச்சியில் அன்று தாழ்வாகச் சுற்றிய விமானத்தையும் இங்கிருந்து பிடித்திருக்க முடியாது. அந்தப் பக்கத்தில் எங்கோ ஒரு ரிசீவர் இருந்ததால்தான் அது செல்போன்களில் தெரிந்தது. அதனால்தான் ஊருக்கு ஒரு ரிசீவர் முக்கியம்.

கவனிக்க...

வயர்லெஸ் கருவிகளுக்கு நம் நாட்டில் விதிமுறைகள் உண்டு. விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள். ஆன்டெனாவை மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள். இடி, மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். திரையில் விமானம் மறைந்துவிட்டால் பதறவும் வேண்டாம். பெரும்பாலும் அது உங்கள் ஆன்டெனாவுக்கு எட்டாத தூரம் போயிருக்கும், அவ்வளவுதான்.